நெற்றியில் எழுதிய எண்

மதிவாணன் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவர். அப்பா ஏரியில் இறால் பிடித்தார். அந்த ஏரியில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. படகில் இருந்து இறங்கி நடந்தே வலையை இழுப்பார்கள். அப்படி வளர்ந்த பையன் கடற்படையில் சேர்ந்து முதல் முறை பெரிய கப்பலில் ஏறியபோது, மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளும் என்று கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். மூன்று நாள் வாளியும் கையுமாகக் கிடந்தார். நான்காம் நாள் எழுந்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு மாத்திரை கொடுக்கப் போனார். கப்பலில் அதுதான் அவருடைய வேலை. அவர் மருத்துவ உதவியாளர்.

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்திருந்ததால் அந்தப் பிரிவு கிடைத்தது. முதலில் ஒடிசாவில் சில்கா ஏரிக்கரையில் அணிவகுப்பும் நீச்சலும். அதன் பிறகு மும்பையில் கடற்படை மருத்துவமனையில் பயிற்சி. ஊசி போடுவதை முதலில் தலையணையில் பழகினார்கள், பிறகு ஆரஞ்சுப் பழத்தில், பிறகு ஒருவர் கையில் ஒருவர். எலும்புகளின் பெயர்களைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்தார்கள். வார்டில் நாடி பார்த்தார்கள், புண் கழுவினார்கள், மூத்திரப் பாத்திரம் எடுத்தார்கள். மூங்கில் பட்டைகளை வைத்துத் தைத்த கான்வாஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்று உண்டு. கப்பலின் குறுகிய ஏணி வழிகளில் படுக்கை நுழையாது என்பதால், அடிபட்டவரை அதற்குள் பாய் மாதிரி சுருட்டிக் கட்டி, நின்ற வாக்கில் கயிற்றில் மேலே தூக்க வேண்டும். பயிற்சியில் ஒவ்வொருவரையும் அப்படிக் கட்டித் தூக்கினார்கள். கையைக் காலை அசைக்க முடியாமல் தொங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன்தான் இன்னொருவரைக் கட்ட வேண்டும் என்பது அங்கே விதி.

அங்கே அவர் தோற்றது ஒரே ஒரு பாடத்தில்தான். ஒரு நாள் மைதானத்தில் இருபது பேரைச் சிவப்புச் சாயம் பூசிப் படுக்க வைத்திருந்தார்கள். குண்டு வெடித்திருக்கிறது, நீ ஒருவன்தான் இருக்கிறாய், எல்லோரையும் பார்த்து எண் போடு என்றார்கள். உடனே கவனித்தால் பிழைப்பவருக்கு ஒன்று. கொஞ்சம் காத்திருக்கக்கூடியவருக்கு இரண்டு. நடக்க முடிகிறவருக்கு மூன்று. இறந்துவிட்டவருக்கு நான்கு. உயிர் இருந்தாலும், கையில் இருப்பதை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று தெரிகிறவருக்கும் அதே நான்குதான். மதிவாணன் முதலில் எவன் அதிகமாக அலறினானோ அவனிடம் ஓடி உட்கார்ந்து கட்டுப் போட ஆரம்பித்தார். பயிற்சியாளர் வந்து தோளைத் தட்டினார்.

"கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தம் இல்லாதவனைப் போய்ப் பார்" என்று இந்தியில் சொன்னார். அதற்குள் சத்தம் இல்லாத இரண்டு பேர், பயிற்சிக் கணக்கில், செத்துப் போயிருந்தார்கள்.

மறுபடி செய்து காட்டித் தேறினார். ஆனால் அந்தப் பாடம் உண்மையில் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்தது ஆறு வருடம் கழித்துத்தான்.

அப்போது அவர் இருந்த கப்பலில் இருநூறு பேருக்கு மருத்துவம் பார்க்க இருவர்தான். ஒருவர் டாக்டர், சர்ஜன் லெப்டினன்ட் ஜெரால்ட், நாகர்கோவில்காரர். இன்னொருவர் மதிவாணன். காலையில் நோயாளிகளைப் பார்ப்பது, குடிநீரில் குளோரின் சரியா என்று சோதிப்பது, சமையல்காரர்களின் நகத்தைப் பார்ப்பது, யாருக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று பதிவு வைப்பது என்று நாட்கள் ஒரே மாதிரி போயின. சமையல்காரர்களுக்கும் எழுத்தர்களுக்கும் முதலுதவி சொல்லிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. ஆபத்துக் காலத்தில் அவர்கள்தான் அவருடைய ஆட்கள்.

அரபிக்கடலில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று தீப்பிடித்து உதவி கேட்டது. பக்கத்தில் இருந்தது இவர்கள் கப்பல்தான். படகில் போய் ஏழு பேரைக் கொண்டு வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்து மேசைகள்தான் ஆஸ்பத்திரி. ஜெரால்ட் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவது ஆளிடம் குனிந்து, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்து நிமிர்ந்தார். தொண்டைக்குள் வரை வெந்திருந்தது. உடம்பில் தோல் இருந்த இடம் குறைவு.

"மார்பின் போடு. போட்டுட்டு இங்க வா" என்றார்.

வலி தெரியாமல் இருக்க மதிவாணன் அந்த ஊசியைப் போட்டார். அந்த ஆள் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தான். எந்த நாட்டுக்காரன் என்றுகூட அப்போது தெரியாது. மதிவாணனால் நகர முடியவில்லை.

"மதி, இங்க வா."

போனார். நான்கு மணி நேரம் மற்ற ஆறு பேரிடமும் மாறி மாறி நின்றார்கள். சலைன் ஏற்றினார்கள், கட்டினார்கள், ஒருவனுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது அந்த ஆள் இறந்திருந்தான். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. இறந்த நேரம் என்று பதிவேட்டில் ஒரு கட்டம் இருந்தது. ஜெரால்ட் பேனாவைப் பிடித்தபடி வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை மேல்தளத்தில் நின்றபோது ஜெரால்ட்தான் பேச்சை எடுத்தார். "உன்னைக் கூப்பிட்டது தப்பில்ல மதி. நீ அங்கயே நின்னிருந்தா இன்னொருத்தனும் போயிருப்பான்."

"தெரியும் சார்."

"ஆனா அவன் பக்கத்துல ஒரு சமையல்காரனையாவது உக்கார வச்சிருக்கலாம். சும்மா கையைப் பிடிச்சுக்கிட்டு. அதுக்கு மருந்து வேணுமா, படிப்பு வேணுமா? எனக்குத் தோணல பாரு."

அதற்குப் பிறகு கப்பலில் நடந்த ஒவ்வொரு பயிற்சியிலும் மதிவாணன் ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னார். நான்கு என்று எழுதினால், அவர் பக்கத்தில் ஒருவரை உட்கார வை. புத்தகத்தில் அந்த வரி கிடையாது.

பதினைந்து வருடம் முடிந்து ஊர் திரும்பினார். கப்பலில் தனியாக ஊசி போட்டவர், தையல் போட்டவர். கரையில் அந்தச் சான்றிதழை நர்ஸ் படிப்பாக எடுத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை கிடைத்தது. கண்ணில் இரும்புத் தூள், கையில் வெட்டு, உலை வெப்பத்தில் மயக்கம் என்று நாள் ஓடியது. மனைவி ரத்னாவுடன் மீஞ்சூரில் வாடகை வீடு. ரத்னா எளாவூருக்குப் பக்கத்து கிராமத்துப் பெண். அவளுடைய அப்பா அம்மா அங்கேதான் நெல் விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள்.

மார்கழி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே போயிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு மதிவாணன் அங்கிருந்து பைக்கில் நேராக வேலைக்குக் கிளம்பினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கல்கத்தா நெடுஞ்சாலையில் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நின்றிருந்த லாரியின் பின்னால் ஒரு வேன் சொருகிக்கொண்டு கிடந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன். பன்னிரண்டு பெண்கள், ஒரு டிரைவர்.

பைக்கை நிறுத்திவிட்டு 108-க்கு அடித்தார். எத்தனை பேர், எந்த இடம், இரண்டு வண்டியாவது வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடினார். வரிசையில் நின்ற லாரிகளில் இருந்து டிரைவர்கள் இறங்கி வந்திருந்தார்கள். ஆந்திராக்காரர் ஒருவர் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்.

"நைனா, இன்னா செய்யணும் சொல்லு" என்றார் அவர்.

"யாரு நடக்க முடியுதோ அவங்கள அந்த ஓரமா இட்டுக்கினு போங்க. மத்தவங்கள நான் பாக்காம தூக்காதீங்க."

மதிவாணனின் சட்டைப் பையில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா இருந்தது. மாத்திரைக் கவரில் எழுதுவதற்காக எப்போதும் வைத்திருப்பது. அதை எடுத்து, பார்த்த ஒவ்வொருவரின் நெற்றியிலும் எண் போட்டுக்கொண்டே போனார். யாருடைய பெயரும் அவருக்குத் தெரியாது. வருகிற ஆம்புலன்ஸ்காரருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்றால் நெற்றிதான் சரியான இடம் என்று பயிற்சி.

முகம் குப்புறக் கிடந்து ரத்தத்தில் மூச்சு முட்டிய பெண்ணை ஒருக்களித்துத் திருப்பினார். ஒன்று. தொடையில் இருந்து ரத்தம் கொப்பளித்த பெண்ணுக்கு லாரி டிரைவரின் துண்டை மடித்து வைத்து, அவரையே முழங்காலால் அழுத்தச் சொன்னார். ஒன்று. சத்தமே இல்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்த ஹேமாவதி என்ற பெண், தனக்கு ஒன்றும் இல்லை, மற்றவர்களைப் பாருங்கள் என்றாள். முகம் வெளுத்திருந்தது, நாடி ஓடியது, வயிறு கல்லாக இருந்தது. அவளுக்கும் ஒன்று.

ஜன்னலோரம் இருந்த பெண்ணின் தலை லாரியின் பின்பக்க இரும்பில் மோதியிருந்தது. மதிவாணன் தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழி செய்து பார்த்தார். நீண்ட இடைவெளி விட்டு ஒரு மூச்சு. மறுபடி நீண்ட இடைவெளி. ஒரு கண்மணி அகலமாகத் திறந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. இன்னும் ஒரு முறை பார்த்தார். பிறகு நான்கு என்று எழுதினார்.

பக்கத்தில் கைமுட்டி ஒடிந்து அழுதுகொண்டு நின்றவள் நந்தினி. இருபத்திரண்டு வயது இருக்கும்.

"இவங்கள உனக்குத் தெரியுமாம்மா?"

"புவனேஸ்வரி அக்காண்ணா. எங்க ஊருதான்."

"இவங்க பக்கத்துலயே உக்காந்துக்கோ. நல்லா இருக்கிற கையால அவங்க கைய புடிச்சிக்கோ. உடாத. பேசிக்கினே இரு."

"அக்காவுக்கு கேக்குமா?"

"தெரியாது. நீ பேசு."

இருபது நிமிடத்தில் முதல் ஆம்புலன்ஸ் வந்தது. இருவரை ஏற்ற முடியும். அதற்குள் ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். இருப்பதிலேயே மோசமாகத் தெரிந்தது புவனேஸ்வரிதான். நான்கு பேர் அவளைத் தூக்கப் போனார்கள். மதிவாணன் குறுக்கே நின்றார்.

"இவங்க இல்ல. அவங்கள ஏத்துங்க" என்று ஹேமாவதியையும் தொடையில் அடிபட்டவளையும் காட்டினார்.

"யோவ், அது உக்காந்துக்கினு பேசுது. இது சாவக் கெடக்குது!"

"நான் சொல்றத கேளுங்க. மொதல்ல அவங்க."

அவர் குரலில் இருந்ததைக் கேட்டு ஆம்புலன்ஸ் ஊழியர் எண்ணைப் பார்த்து ஏற்றினார். இரண்டாவது வண்டி வருவதற்குள் புவனேஸ்வரியின் மூச்சு நின்றிருந்தது. நந்தினி அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள். மதிவாணன் நேரத்தைப் பார்த்து மனதில் குறித்துக்கொண்டார். ஆறு ஐம்பத்தெட்டு.

வேனில் இருந்த பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் பிழைத்தார்கள். ஹேமாவதிக்கு மண்ணீரல் கிழிந்திருந்தது, இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். போலீஸ் இன்ஸ்பெக்டர் கைகுலுக்கினார். தொழிற்சாலையில் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் ஒரு படம் வாட்ஸாப்பில் சுற்ற ஆரம்பித்தது. புவனேஸ்வரியின் முகம், நெற்றியில் நான்கு. உயிரோடு இருந்தவளுக்கு நம்பர் போட்டு ஒதுக்கிவிட்டு, தெரிந்தவர்களை மட்டும் வண்டியில் ஏற்றினான் என்று யாரோ பேசிய குரல் பதிவும் கூடவே வந்தது.

தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி மோகன்ராஜ் அவரைக் கூப்பிட்டார். "நீங்க நல்லதுதான் செஞ்சீங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா யார் கேட்டாலும், நீங்க போறதுக்கு முன்னாடியே அந்தம்மாவுக்கு உயிர் போயிடுச்சின்னு சொல்லிடுங்க. அதோட முடிஞ்சிடும்."

மதிவாணன் முதலுதவி அறைக்குத் திரும்பிவிட்டார். வீட்டில் ரத்னாவும் அதையேதான் சொன்னாள். "எங்கம்மா கடைக்கி போனா மொறைக்கிறாங்களாம். புவனேஸ்வரி வூட்டுக்காரரு சுப்பிரமணி அண்ணன் நெலமும் எங்க நெலமும் பக்கத்துல பக்கத்துல. தெனம் மூஞ்சில முழிக்கணும். ஒரு வார்த்தை அப்டி சொன்னா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு?"

குறைந்துவிடாது என்றுதான் அவருக்கும் தோன்றியது. இறந்தவளுக்கு எந்த நஷ்டமும் இல்லை. கேட்கிறவர்களுக்கும் ஆறுதல். யோசிக்க யோசிக்க அந்தப் பொய் நியாயமாகவே தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சுப்பிரமணி தொழிற்சாலை வாசலுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது, மொட்டை அடித்த தலை. எதிரே டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். மதிவாணன் இரண்டு டீ சொன்னார்.

"நீதான் நம்பர் எழுதனவனா?"

"நான்தாண்ணா."

"குளிப்பாட்டும்போது அது போவல" என்றார் சுப்பிரமணி. "பொம்பளைங்க சோப்பு போட்டாங்க. எண்ணெய வச்சி தேச்சாங்க. போவல. கடசில அது மேலயே அகலமா குங்குமம் வச்சி அனுப்பிச்சோம்."

மதிவாணனுக்குக் கையில் இருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இதை அவர் ஒரு கணமும் நினைத்ததில்லை. மும்பையில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. கப்பலில் நெற்றி என்பது எழுத வசதியான இடம், அவ்வளவுதான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ எழுதும்போது அவளுக்கு உசுரு இருந்துதா?"

மோகன்ராஜ் சொன்ன வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எதிரே இருந்த மனிதர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துதுண்ணா."

"எவ்ளோ நேரம்?"

"அதுக்கப்பறம் பதினஞ்சு நிமிசம் இருக்கும்."

"அந்த மொத வண்டியில ஏத்தியிருந்தா?"

"ஏத்தியிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்க. அப்டித்தான் நான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

மதிவாணன் தலை குனிந்தார். "நெனைக்கிறேண்ணா. நூத்துக்கு நூறு யாராலயும் சொல்ல முடியாது."

சுப்பிரமணி எழுந்தார். டீயைத் தொடவே இல்லை. "எங்க ஊரு பக்கம் வராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நந்தினியைப் பக்கத்தில் உட்கார வைத்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அந்த நேரத்தில் அதைச் சொன்னால் தனக்கு நல்ல பெயர் தேடிக்கொள்வது போல ஆகும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பொங்கலுக்கு ரத்னா மட்டும் அம்மா வீட்டுக்குப் போய் வந்தாள். வந்தவள் இரண்டு நாள் பேசவில்லை. மதிவாணன் வேலைக்குப் போனார், வந்தார். ஒரு நாள் ஜெரால்டுக்கு போன் செய்தார். ஜெரால்ட் கடற்படையை விட்டு விலகி நாகர்கோவிலில் சொந்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ சொல்றத வச்சுப் பார்த்தா நானும் நாலுதான் போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா அங்க நான் இல்ல, நீதான் இருந்த" என்றார். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மதிவாணன் நினைத்தார். சொன்னதால்தான் முதல் வாக்கியத்தை நம்ப முடிகிறது என்றும் நினைத்தார்.

இது நடந்து ஆறேழு மாதம் ஆனது. நந்தினிக்குக் கைமுட்டியில் தகடு வைத்து, பிறகு அதில் தொற்று வந்து, பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே போனது. ஊரில் சுற்றிய பேச்சு முழுதாக அவள் காதுக்கு வந்தபோது ஆடி மாதம். வந்த அன்றே அவள் சுப்பிரமணியின் வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்பதை அவளே பிறகு ரத்னாவிடம் சொன்னாள்.

"அக்காவ யாரும் தனியா உடலண்ணா. நான்தான் கைய புடிச்சிக்கினு இருந்தேன். அந்தண்ணன்தான் உக்கார வச்சாரு, பேசிக்கினே இருன்னாரு" என்றாளாம் சுப்பிரமணியிடம்.

"இன்னா பேசுன?"

"இன்னா பேசறதுன்னே தெரியல. தைக்கக் குடுத்த ஜாக்கெட்டு வந்துடிச்சிக்கான்னேன். உன் பொண்ணு டென்த்துல நல்லா எழுதும், நீ பாக்கத்தான் போறன்னேன். ஓவர்டைம் லிஸ்டுல உன் பேரும் கீதுன்னேன். வாய்க்கி வந்ததெல்லாம் சொன்னேன்."

சுப்பிரமணி அவளுடைய கையைப் பார்த்தாராம். பிறகு கேட்டாராம். "அவ கைய அழுத்தனாளா?"

நந்தினிக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "மொதல்ல ஒருவாட்டி அழுத்தனா மாதிரி இருந்துது. நெசமா, இல்ல எனக்கு அப்டி தோணிச்சா, தெரியலண்ணா. அப்பறம் இல்ல" என்றாள்.

ஒரு வாரம் கழித்துச் சுப்பிரமணி மறுபடியும் தொழிற்சாலை வாசலில் நின்றார். தலையில் முடி வளர்ந்திருந்தது. பைக்கில் இருந்து இறங்காமலே கேட்டார்.

"மொத வண்டியில ஏத்தனியே, வயித்தப் புடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்துதாமே ஒரு பொம்பள. அது எங்க இருக்குது?"

"ஹேமாவதி. இப்ப இங்க கும்மிடிப்பூண்டியிலதான்."

"நான் பாக்கணும். யாருன்னு நீ சொல்லக் கூடாது."

அன்று வேலை முடிந்ததும் இருவரும் போனார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்ன ஓட்டு வீடு. ஹேமாவதி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதிவாணனைப் பார்த்ததும் எழுந்து, "அய்யோ வாங்க சார்" என்று உள்ளே ஓடிப் பாய் எடுத்து வந்தாள். கூட வந்தவர் யார் என்று கேட்டாள். தெரிந்தவர் என்றார் மதிவாணன்.

அதற்குப் பிறகு பேசியது முழுக்க ஹேமாவதிதான். கனமான எதையும் தூக்கக் கூடாது என்கிறார்கள், மண்ணீரலை எடுத்துவிட்டதால் வருடா வருடம் ஊசி போட வேண்டுமாம், பழைய கம்பெனியில் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள், பேஜாராக இருக்கிறது. பையன் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான், காலையில் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் ஓடுகிறான். பேச்சின் நடுவே சட்டென்று குரல் தாழ்ந்தது.

"அன்னிக்கி எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நெனைச்சேன். புவனாவத்தான் மொதல்ல எடுத்துக்கினு போங்கன்னு நானே சொன்னேன். அவ எடத்துல நான் போயிட்ட மாதிரி இன்னும் கீது சார். அவ ஊட்டுக்கு ஒருவாட்டி போவணும். எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது?"

சுப்பிரமணி பாயில் கையை ஊன்றியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கே வந்ததில் இருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"போம்மா. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஹேமாவதி மோர் கொடுத்தாள். இருவரும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சந்து முனையில் சுப்பிரமணி பைக்கை நிறுத்தினார். மதிவாணன் காத்திருந்தார். இனி என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தார்.

"நல்லா பேசுது அந்தப் பொம்பள" என்றார் சுப்பிரமணி. "உன் படிப்பு எனக்குத் தெரியாது. நீ செஞ்சது சரியாவே இருக்கலாம். ஆனா இனிமே யாருக்கும் நெத்தியில எழுதாத. கையில எழுது. துணி கட்டு. இன்னா வேணா பண்ணு. நெத்தியில வேணாம்."

"சரிண்ணா."

"அவ கைய புடிச்சிக்க ஆளு வச்சியே, அத ஏன் அன்னிக்கே என்கிட்ட சொல்லல?"

பதிலுக்குக் காத்திருக்காமல் சுப்பிரமணி பைக்கைக் கிளப்பினார்.

அந்த மாதமே மதிவாணன் மீஞ்சூரில் ஒரு துணிக்கடையில் எண்ணுக்கு ஒன்றாக நான்கு நிறத்தில் ரிப்பன் வாங்கினார். ரத்னா உட்கார்ந்து ஒரு சாண் அளவில் வெட்டிக் கொடுத்தாள். ஒரு கட்டு பைக்கில், ஒரு கட்டு முதலுதவி அறையில். தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறார். மணிக்கட்டில் கட்டச் சொல்கிறார். யாராவது, படையில் நெற்றியில்தானே எழுதுவார்கள் என்று கேட்டால், அங்கே அப்படி, இங்கே இப்படி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சுப்பிரமணியிடம் இருந்து போன் வந்தது.

"ரத்னா வருதா?"

"வருதுண்ணா."

"நீயும் வா. எங்க ஊட்டுக்கு வான்னு சொல்ல இன்னும் எனக்கு மனசு வரல. ஊருக்கு வா."

போனார். போகிப் புகை அடங்கியிருந்த காலை நேரத்தில் மாமனாருடன் வயலுக்கு நடந்தபோது, பக்கத்து நிலத்தில் சுப்பிரமணி மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகள் வரப்பில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி நிமிர்ந்து பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைக்காமல், தலையை மட்டும் அசைத்தார். மதிவாணனும் அசைத்தார். மாமனார் உர விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே முன்னால் போனார்.